மம்மிக்கும் பெரட்டு உண்டு

பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வேலையில் தொடக்கம் மட்டுமே சொல்பவனுக்குச் சொந்தம். நடுவையும் முடிவையும் கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது பிள்ளைகள் முன் நிற்க ஒப்புக்கொண்டு, பத்தாவது நிமிடத்தில் வருந்திய அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எகிப்து மம்மிகளின் கதையை நான் கேட்டது புலாவ் செபாங் மாரிமுத்து அண்ணனிடம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்துக்கு அடுத்த சனிக்கிழமை, ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள சாப்பாட்டுக் கடையில். அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர்; கப்பல் பழுதாகி நின்ற நாள்களில் எகிப்தின் அருங்காட்சியகம் ஒன்றைச் சுற்றிப் பார்த்தவர். அவர் சொன்னதை நூல்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, மலாக்கா மாநிலத்தில் மூன்று இடங்களில் சொல்லி வருகிறேன். மூன்றாம் இடத்தில் இந்தக் கதை ஒரு தாயையும் மகளையும் பேசவிடாமல் செய்தது. அது எப்படிச் சரியாயிற்று, சரிசெய்தவர் யார் என்பதைப் பதிவு செய்யவே இந்தக் குறிப்புகள். பேச்சுகளைச் சொன்னவர்கள் சொன்னபடியே தந்திருக்கிறேன்.

கருவாடு

பாச்சாங்கில் ஒரு சிறு நூலகத்தின் மூலையில் முதல் கூட்டம். இறந்த அரசரின் மூக்கு வழியாகக் கொக்கியை விட்டு மூளையை எடுப்பார்கள். குடலையும் ஈரலையும் தனித்தனி ஜாடிகளில் வைப்பார்கள். இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவிடுவார்கள் என்றேன். பிள்ளைகள் அருவருப்பில் நெளிந்தார்கள். அதாவது மிகவும் மகிழ்ந்தார்கள். அடுத்து, உடலை நாற்பது நாள் உப்பு போன்ற ஒரு பொடியில் புதைத்து ஈரத்தை உறிஞ்சவிடுவார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். இந்த இடத்தில் மாரிமுத்து அண்ணன் எப்போதும் சற்று நிறுத்துவார். நானும் நிறுத்தினேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு மீன் வியாபாரியின் மகள் கொட்டாவி விட்டாள். “எங்கப்பா வாராவாரம் செய்றதுதான் ஐயா. ராஜான்னா கொஞ்சம் பெரிய மீனு, அவ்வளவுதான் லா.”

வெள்ளைத் துணி

ஆயர் குரோவில் ஒரு குடியிருப்பின் பொது மண்டபம், வெள்ளிக்கிழமை மாலை. சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று எண்ணி, என் பழைய வேட்டி ஒன்றை நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டு போயிருந்தேன். ஹரி என்ற எட்டு வயதுப் பையன் தானே முன்வந்து மேசையில் படுத்தான். துணி நழுவாமல் இருக்க முதலில் அவனுடைய கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். பிறகு தாடையைச் சுற்றித் தலைக்கு மேலே ஒரு முடிச்சு. நம் வீடுகளில் இந்த இரண்டு கட்டுகளையும் யாருக்கு, எப்போது போடுவார்கள் என்பது, நாற்பது ஆண்டுகள் சடங்குக் கதைகளைச் சேகரித்த எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மகனை அழைத்துப் போகக் காரில் வந்த அவன் தாய்க்கு உடனே நினைவுக்கு வந்தது. அவர் நேராக மேசைக்குப் போய்க் கட்டுகளை அவிழ்த்தார். மம்மிக்காக நான் ஒரு தட்டில் வைத்திருந்த உப்பில் ஒரு கைப்பிடி அள்ளி, பையனை மூன்று முறை சுற்றி, வாசலுக்குப் போய் எறிந்துவிட்டு வந்தார். அதன் பிறகே என்னைப் பார்த்தார். “உப்பு கொண்டு வந்தீங்களே, அந்த மட்டுக்கும் நல்லது. அடுத்த வாட்டி பொம்மையக் கட்டுங்க ஐயா.”

அங்கேயும் வேலை

ஆகவே புலாவ் செபாங் கோயில் மண்டபத்துக்குக் களிமண்ணோடு போனேன். எகிப்தியர் மறுவுலகத்தைப் பசுமையான வயலாக எண்ணினார்கள். வயல் என்றால் அங்கும் உழைக்க வேண்டும். அதற்காகக் கல்லறையில் சிறு பொம்மைகளை வைப்பார்கள். அங்கே வேலைக்கு ஆள் கூப்பிடும்போது, இறந்தவருக்குப் பதிலாகப் பொம்மை எழுந்து, ‘இதோ இருக்கிறேன்’ என்று சொல்லும். இதைச் சொல்லி, ஆளுக்கு ஒரு பொம்மை செய்யச் சொன்னேன்.

பின்னால் பெற்றோர் வரிசையில் சரோஜா இருந்தார். பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குபவர். அவர் கணவர் கணேசன் அதே தோட்டத்தில் குலை வெட்டியவர். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, மேற்பார்வையாளரான மண்டோர் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். சரோஜா தமக்கு அடுத்திருந்தவரிடம் சொன்னது மண்டபம் முழுவதும் கேட்டது: “செத்த பொறகும் பெரட்டா? அங்க மண்டோரு யாருன்னு கேளுங்க, சொந்தக்காரனா இருந்தா லீவு கேக்கலாம்.”

உடம்பு

சிரிப்பு அடங்கியதும் அன்றைய பாடத்தின் சாரத்தைச் சொன்னேன். உயிர் திரும்பி வந்து தன் உடலை அடையாளம் கண்டு தங்கும். உடல் இல்லாவிட்டால் அதற்குத் தங்க இடமில்லை. அதனால்தான் இத்தனை பாடு என்றேன். நூல்களில் அப்படித்தான் இருக்கிறது. அந்த நூல்களிலேயே அதற்கு ஒரு மறுபாதியும் இருக்கிறது. நேரமாகிவிட்டது என்று அதை விட்டுவிட்டேன்.

தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் தர்ஷினி கை உயர்த்தினாள். சரோஜாவின் ஒரே மகள் அவள். கணேசன் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியாது. களிமண் அப்பிய கையை உயர்த்தியபடியே, சாதாரணமாகத்தான் கேட்டாள்: “எங்கப்பாவ எரிச்சிட்டாங்க. அவரு எங்க ஐயா தங்குவாரு?”

பேசாத வீடு

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது என் குறிப்பேட்டில் இல்லை. அடுத்த ஞாயிறு தர்ஷினி வரவில்லை. சரோஜா மட்டும் வந்து, பிள்ளைகள் கலைந்து போகும்வரை செருப்பு விடும் இடத்திலேயே நின்றார். எரிக்கச் சொன்னது அம்மாதானே என்று மகள் ஒரே ஒரு முறை கேட்டாளாம். அதன் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறாளாம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “ஐயா, நீங்க படிச்சவரு. அவரு போனப்போ கூட நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுதான் இருந்தோம். இத எப்படியாச்சும் நேர் பண்ணிக் குடுங்க.”

கல்

அடுத்த வாரம், வராந்தாவில் நிற்கலாம், உள்ளே வர வேண்டாம் என்ற உடன்பாட்டின் பேரில் சரோஜா மகளை அழைத்து வந்தார். நான் விட்ட மறுபாதியைச் சொன்னேன். உடல் அழிந்துபோகலாம் என்று எகிப்தியரும் அறிந்திருந்தார்கள். அதனால் இறந்தவரைப் போல ஓர் உருவத்தைச் செய்து, பெயரைப் பொறித்து வைப்பார்கள். உயிர் அதில் வந்து தங்கும். பெயரைச் சொல்ல ஓர் ஆள் உள்ளவரை இறந்தவருக்கு வாழ்வு உண்டு என்பதும் அவர்கள் நம்பிக்கை.

“பதினாறாம் நாளு நாமளும் கல்லு வச்சோமே,” என்றார் சரோஜா, மகளைப் பார்க்காமல். “அதத்தான் அப்பான்னு சொல்லி, குளிப்பாட்டி, சோறு வச்சோம்.” எனக்கு நிம்மதி பிறந்தது. அது ஐந்து நொடி நீடித்தது. இரண்டு வாரமாகத் தாயிடம் பேசாதிருந்த பெண் திரும்பி, தாயிடமே சொன்னாள்: “அந்தக் கல்லத்தான் கடல்ல விட்டுட்டீங்களே மா.”

பெயர்

தர்ஷினி உள்ளே வந்து, அலமாரியில் காய்ந்துகொண்டிருந்த பொம்மைகளில் தன்னுடையதைத் தேடி எடுத்தாள். தலை பெரிது, ஒரு கை கீழே விழுந்திருந்தது. குச்சியால் அதன் முதுகில் ‘கணேசன்’ என்று கீறினாள். இடம் கொள்ளாமல் கடைசி எழுத்து இடுப்பைச் சுற்றிப் போயிற்று. பிறகு பொம்மையை வராந்தாச் சுவரின் மேல் நிறுத்திவிட்டு, “கூப்பிடுங்க மா,” என்றாள்.

சரோஜாவுக்குப் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் முதுகை நிமிர்த்தி, இடுப்பில் ஒரு கையை வைத்து, தோட்டத்து மண்டோரின் குரலிலேயே, “கணேசன்!” என்று கூப்பிட்டார். சில பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்று மாதமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரை உரக்கச் சொல்லவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

தர்ஷினி பொம்மைக்குப் பின்னால் குனிந்து, குரலைத் தடிப்பாக்கிப் பதில் சொன்னாள். “இதோ இருக்கேன். அவரு ரெஸ்ட் எடுக்கட்டும், இன்னிக்கு நான் குலை வெட்டறேன்.” தாய் சிரித்த சிரிப்பில் முந்தானையால் முகத்தை மூட வேண்டியதாயிற்று, அது சிரிப்பு மட்டும் அல்ல. மகள் அந்த முந்தானையை விலக்கிப் பார்த்துச் சொன்னாள்: “நாளைக்கும் கூப்பிடணும் மா. ஒரு நாள் விட்டாலும் மண்டோரு பேர வெட்டிடுவாரு.”

முடிவு வேறுபாடுகள்

மாரிமுத்து அண்ணன் சொல்லும் கதையில் இதயத்தைத் தராசில் வைத்து ஓர் இறகோடு நிறுக்கிறார்கள். கனத்த இதயத்தை முதலைத் தலை கொண்ட விலங்கு தின்றுவிடுகிறது. அத்தோடு கதை முடிகிறது. பாச்சாங் பிள்ளைகள் சொல்கையில் அந்த விலங்குக்குக் கருவாடு பிடிக்காததால் எல்லாரும் தப்பிவிடுகிறார்கள். ஆயர் குரோவில் இறந்தவரின் தாய் நேரில் வந்து கட்டுகளை அவிழ்த்துக் காரில் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். புலாவ் செபாங்கில் தராசே வருவதில்லை. காலையில் ஒருவர் பெயர் கூப்பிடுகிறார், ஒரு பொம்மை பதில் சொல்கிறது, பிறகு எல்லாரும் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறார்கள்.

நூல்களோடு ஒப்பிட்டு நான் சரிபார்த்த முடிவை இதுவரை ஒரு பிள்ளையும் திருப்பிச் சொல்லவில்லை என்பதை, முழு மனநிறைவோடு இங்கே பதிவு செய்கிறேன்.