விட்ட பிடியும் போட்ட பிடியும்

இன்று காலை உலை கொதிக்குமுன் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு சண்டை!

(பயப்படாதீர்கள் சகோதரிகளே, சோறு தீயவில்லை.)

மாரிகுப்பத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் சபைப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து, ஜெபித்து, தனிப் பானையில் போடுவோம். ஞாயிறன்று அது கோயிலுக்குப் போகும். இங்குள்ள தங்கச் சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் வீட்டு அடுப்புக்கு அங்கிருந்து போகும்.

கல்யாணமான நாள் முதல் நான் ஒரு வேளையும் தவறியதில்லை.

போன மாதம் குளிர்காய்ச்சலில் விழுந்தேன். வீட்டுக்காரர்தான் பொங்கினார். (அதைச் சோறு என்று சொன்னால் எனக்குப் பொய் சொன்ன பாவம் வரும்.) பிடி அரிசி அவர் நினைவிலேயே இல்லை.

காய்ச்சல் விட்டது. எழுந்து சமைத்தேன். ஆனாலும் என் கை அந்தப் பானைப் பக்கம் போகவில்லை!

வெட்கம்தான். விட்டதையெல்லாம் சேர்த்துப் போட்டபிறகே புதுப் பிடி என்று ஒரு பிடிவாதம். உப்பு வாங்கியதைக்கூட விடாமல் கணக்கெழுதுகிறவள், ஆண்டவருக்கு மட்டும் பாக்கி வைப்பேனா?

ஆனால் வீட்டில் அரிசி மட்டு. நாளை, நாளை என்று தள்ளினேன். தள்ளத் தள்ளப் பாக்கி வளர்ந்தது!

போன ஞாயிறு சபைக்காக வீடு வீடாகப் பிடி அரிசி வாங்க வந்த எஸ்தர் அக்கா பானையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, காலியா கீது?"

"வர்ற வாரம் மொத்தமா தரேங்க்கா."

"மொத்தமாவா? சாலம்மா வூட்டுப் புள்ளைங்க மொத்தமாவா பசிச்சிகினு கீதுங்க? வேளைக்கு வேளைதான் பசிக்குது!"

சாலம்மாவின் புருஷன் போன மழைக்காலத்தில் சுரங்கத்துப் பாறை சரிந்து இறந்தவர். அந்தப் பேச்சு வாரமெல்லாம் நெஞ்சில் குத்தியது.

ஆகவே இன்று காலை துணிந்தேன். விட்ட பிடியை எல்லாம் எண்ணி எண்ணிப் பானையில் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடிந்து அவர் வந்தார். அரிசி டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இன்னாமே இது? நாளைக்கு நாம இன்னாத்தத் துன்றது?"

"பாக்கி தீக்கறேங்க."

"இன்னா பாக்கி?"

சொன்னேன். தலையில் கட்டிய துணியை அவிழ்த்தபடியே சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது!

"நான் மூணு ஷிப்ட் போவாம படுத்துகினேன்னு வெச்சிக்கோ. நாலாவது நாளு போனா மேஸ்திரி இன்னா சொல்லுவான்? சுரங்கத்துல எறக்கற கேஜ்ல நாலு ஆளா ஏறுன்னுவானா?"

"ஒரு ஆளாத்தான் ஏத்துவாரு."

"ஒரு ஆளு வேலதான் வாங்குவான். ஆண்டவரு இன்னா, எங்க மேஸ்திரிய விட மோசமா?"

அவர் சொன்னது சரி என்றேன். (இது அபூர்வம்!)

பானையிலிருந்து அரிசியை மறுபடி டின்னில் கொட்டினேன். ஜெபித்தேன். இன்றைய பிடியை மட்டும் போட்டேன்.

மதியமும் போட்டேன். நாளையும் போடுவேன். மறுபடி படுத்தாலும், எழுந்த வேளையிலேயே போடுவேன். பாக்கி பார்த்து நிற்கமாட்டேன்.

"நீ படுத்தா இனிமே நானே போடறேன்மே," என்றார் அவர்.

வேண்டாம் என்றேன். சுரங்கத்தில் சம்மட்டி பிடிக்கிற பெரிய கை. அவர் பிடியில் எங்கள் வீட்டு உலை காலியாகிவிடும்!

நீங்கள் எதை விட்டுவிட்டு, மொத்தமாகத் தொடங்கக் காத்திருக்கிறீர்கள், சகோதரிகளே?