விளக்கடிச் சாமந்தி

ஜாய்ஸ் வீட்டுச் சாமந்தி அத்தனையும் ஆண் செடியாம், பூக்கவே பூக்காதாம். ரேஷன் கடை வரிசையில் யாரோ சொல்ல, அதைக் கேட்டவள் வசந்தாவிடம் சொல்ல, பக்கத்து வீட்டு வசந்தா அதைச் சூடு ஆறாமல் கொண்டுவந்து வேலியோரம் இறக்கிவைத்தாள்.

"ஆம்பளையா இருந்தா இந்நேரம் குட்ச்சிட்டு வூந்து கெடக்கும். இது நிமுந்து நிக்குது பாரு" என்றாள் ஜாய்ஸ்.

வசந்தா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஜாய்ஸுக்குச் சிரிப்பு அந்த வாக்கியத்தோடு தீர்ந்துபோனது. செடிகள் முழங்கால் தாண்டி வளர்ந்து, இலை கரும்பச்சையில் தடித்து, பூச்சி பொட்டு இல்லாமல் நின்றன. ஐப்பசி முடியப்போகிறது. ஒரு மொட்டு இல்லை.

பூக்காவிட்டால் போகிறது என்று விடக்கூடிய செடிகள் இல்லை அவை. ஜாய்ஸின் அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அவள் மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டே, புருஷன் போனபிறகு, மகள் ஜெனிஃபரை லேப் டெக்னீஷியன் படிக்க வைத்தாள். படிப்பு முடிந்தும் வேலை அமையவில்லை. போன வருஷம் ஜெபக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பொருத்தனை செய்தாள்: பிள்ளைக்கு வேலை கிடைத்தால், அடுத்து வருகிற கிறிஸ்துமஸுக்கு சர்ச் ஆல்டர் முழுக்கத் தன் வீட்டுச் சாமந்திதான், கடைப்பூ ஒன்றுகூடக் கிடையாது.

கூடுவாஞ்சேரியில் வேலை கிடைத்தது. ஆண்டவர் தன் பங்கை முடித்துவிட்டார். சொன்னதைச் செய்யாமல் போனால் அது பிள்ளை தலையில்தான் விடியும் என்று ஜாய்ஸுக்கு உள்ளுக்குள் ஒரு உதறல்.

வேலையோடு இன்னொரு பயமும் வந்தது. ரயிலில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஜெனிஃபர் இறங்கும்போது இருட்டிவிடும். ஸ்டாப்பிலிருந்து காலனிவரை ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் பிளாட் போட்டவர்களின் மதில். ஜாய்ஸ் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து, தன் வீட்டெதிரே ஒரு விளக்குக் கம்பம் வாங்கிவிட்டாள். வெள்ளை வெளிச்சம், தோப்பின் கோடிவரை பாயும். சுவிட்ச் கம்பத்துப் பெட்டியிலேயே இருந்தது. அந்தியில் போடுவதும் விடிந்ததும் அணைப்பதும் அவள் பொறுப்பாயிற்று.

ஒரு நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குப்பை அள்ளப் போனபோதுதான் அதைப் பார்த்தாள். தொட்டியின் நிழலில் ஒரு நோஞ்சான் செடி, உச்சியெல்லாம் மொட்டு. ஜாய்ஸ் செடியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், தலை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தாள். ராத்திரியே தெரியாமல் வளர்கிற செடி எப்படிப் பூக்கும்?

ஓட்டலில் கழித்த விரிப்புகளைக் கொண்டுவந்து போர்த்தினாள். வெள்ளைத் துணியைத் தாண்டி வெளிச்சம் உள்ளே போயிற்று. மழையில் துணி நனைந்து கனத்து இரண்டு செடிகளை ஒடித்தது. மறுநாள் அந்தியில் அவள் கம்பத்தருகே போகவே இல்லை.

"இன்னாம்மா, லைட்டு எரியல?" ஆட்டோ ஓட்டும் திருநாவுக்கரசு கேட்டார்.

"பீஸு போயிட்ச்சி போலக் கீது அண்ணாத்த. சொல்லிக்கீறேன்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவளை உறுத்தியது. மகளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. ஸ்டாப்புக்கே போய்க் காத்திருந்து கூட்டிவந்தாள். நாலாம் நாள் ஜெனிஃபர் வெடித்தாள்: "நான் இன்னா எல்கேஜியாம்மா? பஸ்ல எல்லாம் சிரிக்குதுங்க. போன்ல டார்ச் கீது, நான் வந்துக்கிறேன். நீ வூட்ல இரு."

அதிலிருந்து வாசலில்தான் நின்றாள். இருட்டின் கோடியில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அது ஆடி ஆடிப் பெரிதாகி மகளாகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் மொட்டு வந்தது. முதலில் குண்டூசித் தலை அளவு, பிறகு மிளகு அளவு, செடிக்குச் செடி. தடவிப் பார்த்துக்கொண்டாள். யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது? இன்னும் கொஞ்ச நாள் ஆண்டவரே, இன்னும் கொஞ்ச நாள்.

இன்று மதியம் பிடித்த மழை அந்தியில்தான் விட்டது. பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. கிளம்பிப் போன சத்தமும் கேட்டது. ஜாய்ஸ் வாசலில் நின்று இருட்டையே பார்த்தாள்.

புள்ளி வரவில்லை.

சேற்றில் செருப்பு மாட்டியிருக்கும். குடையை மடக்கிக்கொண்டிருக்கும். யாரோடாவது பேசிக்கொண்டு நிற்கும். மனசு ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்தது. போன் போட்டாள். மணி போயிற்று, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

"இன்னா ஜாய்ஸு, வாசல்லயே நிக்கிற? ஜெனி வர்ல?" வசந்தாவின் குரல்.

ஜாய்ஸ் போனைக் காதில் அழுத்திக்கொண்டே சேற்றில் ஓடி, பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தட்டினாள்.

"அய்ய, பீஸு போச்சின்னியாமே!" என்றாள் வசந்தா.

வெள்ளை வெளிச்சம் தெருமுழுக்க விழுந்தது. குட்டைகள், நனைந்த மதில், சவுக்கு மரங்களின் அடி, அதற்கப்பால் ரோட்டு வளைவுவரை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆள் இல்லை.

ஜாய்ஸ் வளைவை நோக்கி ஓடத் தொடங்கினாள். காதோடு மணி போய்க்கொண்டே இருந்தது.