முகத்துவாரம் திறந்த மதியம்

நான் தஞ்சாவூர்க்காரன். ஆறும் வாய்க்காலும் மதகும் பழக்கம், கடல் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில், அரசுப் பொறியாளராக முட்டுக்காட்டுப் பக்கம் வந்த முதல் ஐப்பசியிலேயே, உப்பங்கழிக் கரையில் தாழ்வாக இருந்த ஒரு குடியிருப்பைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மூன்று நாள் மழையில் கழி நிரம்பியிருந்தது. அது கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்திருந்தது. அமாவாசை வேறு. கடல் பொங்கி, அலைகள் மேட்டைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டிருந்தன. கரையோர வீடுகளில் முழங்கால் தண்ணீர்.

காலையில் மண் அள்ளும் இயந்திரத்தோடு போய், மேட்டை உடனே வெட்டச் சொன்னேன். என் அக்கா வயதிருக்கும், மீன் விற்கும் ஓர் அம்மா இயந்திரத்தின் முன்னால் வந்து நின்றார்.

"இன்னா சார் பண்றே? இப்ப வெட்னா கடலு வூட்டுக்குள்ள வந்துடும்."

"வீடெல்லாம் முழுகிட்டிருக்கேம்மா!"

"என் வூடும்தான் முழுவிக்கினு கீது. கடலு எறங்கட்டும். மதியானம் வரிக்கும் இரு."

அப்போதுதான் மேட்டின் இரண்டு பக்கமும் சரியாகப் பார்த்தேன். கடல் கழியைவிட உயரத்தில் இருந்தது. பொறியாளனான நான் அதைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வேலையை நிறுத்தச் சொன்னேன். காத்திருந்த நேரத்தில் தெருமுனைகளில் மணல் மூட்டைகளை அடுக்கினோம். குழந்தைகளையும் பாய் படுக்கைகளையும் மேட்டிலிருந்த மாதா கோயிலுக்கு அனுப்பினார்கள்.

மதியத்தில் கடல் பின்வாங்கியது. "இப்ப வெட்டு சார்!" என்றார் அந்த அம்மா. இயந்திரமோ நாலடி நகர்வதற்குள் ஈர மணலில் புதைந்துவிட்டது. மண்வெட்டி, அன்னக்கூடை, சோற்றுக்குண்டான் என்று கையில் கிடைத்ததோடு ஊரே இறங்கியது. நானும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெட்டினேன். கடைசியில் வந்தது, ஒரு ஆள் படுக்கிற அகலத்தில் ஒரு சின்ன வாய்க்கால்தான். அதில் கழித்தண்ணீர் மெல்ல ஊர்ந்து கடலைத் தொட்டது.

"எல்லாரும் மேல ஏறுங்க!" என்று அந்த அம்மா கத்தினார்.

ஏறி நின்று திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் தானாகவே கரையைக் கடித்துக்கொண்டிருந்தது. மணல் பாளம் பாளமாகச் சரிந்தது. ஒரு மணி நேரத்துக்குள், நாங்கள் குனிந்து வெட்டிய இடத்தில் ஒரு ஆறு ஓடியது. செம்மண் நிறத்தில் புரண்டு, எதிரே வந்த அலைகளை நெஞ்சில் தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டு போனது. காலடியில் பூமி அதிர்ந்தது. அத்தனை இரைச்சலுக்கு நடுவே ஒரு அமைதி என்னைப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் கடல் மறுபடி ஏறி, திறந்த வாய் வழியாக உள்ளே வந்தது. ஆனால் கழியில் இப்போது இடமிருந்தது. தண்ணீர் வாசற்படிகளுக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. வீடுகளில் சேற்றை வழிக்கத் தொடங்கினார்கள்.

பிற்பாடு அங்கே கல் கரை கட்டினோம், ஷட்டர் வைத்தோம். நல்ல வேலைதான். ஆனாலும் மணல் வருஷாவருஷம் வாயை அடைத்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும், வெட்டும் நேரத்தைக் குறிக்கும் முன் அந்த அம்மாவின் தெருவுக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.