மாதாமுக்கு எடுத்துவைத்த மீன்

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அஞ்சலையம்மாவின் பெரிய மகன் வாசலில் வந்து நின்றான். "அம்மா போயிட்டாங்க டீச்சர். உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வெட்கம்தான். ஏன் என்று, முத்தியால்பேட்டையில் அஞ்சலையம்மாவோடு பழகிய உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன். துணைக்கு ஒரு பூனை மட்டும். பிரெஞ்சுக்காரச் சீமாட்டிபோல அது நடக்கிற மிடுக்கைப் பார்த்து மாதாம் என்று பெயர் வைத்திருந்தேன். அதன் தாடையில் கட்டி வந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் புற்றுநோய் என்றார். வைத்தியம் இல்லை, உடம்பு இளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மீனை உப்பு, காரம் போடாமல் வேகவைத்து, முள் எடுத்து மசித்து, வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கச் சொன்னார்.

அந்தச் சமயம் அஞ்சலையம்மாவின் கணவர் வேலை பார்த்த தறிப் பட்டறை மூடிக்கிடந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு வேளையும் கஞ்சி. இந்த வீட்டில் பூனைக்குக் கிழங்கான் மீன். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு திருடியைப்போல வேகவைத்தேன். மீன் வாசனை கதவுக்குக் கட்டுப்படுமா? மாதாம் பாதிக்கு மேல் தொடாது. பூனை தின்ற மிச்சத்தை அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சாக்கடையில் கொட்டினேன்.

ஒருநாள் அஞ்சலையம்மா பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நின்றேன். "மீன அப்படியே எங்கிட்ட குடுங்க டீச்சர், நான் ஆக்கித் தர்றேன். உப்பு போடறதுக்கு மின்னாடி மாதாமுக்கு எடுத்து வெச்சிட்றேன்" என்றார். மற்றது அவர் வீட்டுக் குழம்புக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூறு பெரிதாகப் பார்த்து வாங்க ஆரம்பித்தேன். தினமும் மதிலுக்கு மேல் ஒரு கிண்ணம் வரும். சில நாள் அவரே வந்து பூனையை மடியில் போட்டு விரலால் ஊட்டுவார். "தின்னுடி, உன் புண்ணியத்துல நாங்களும் தின்றோம்" என்று அதனிடம் சொல்வார். நான் காதில் விழாதவள்போல் உள்ளே போய்விடுவேன்.

பட்டறை திறப்பதற்குள் மாதாம் செத்துப்போனது. அஞ்சலையம்மா வெளியே போயிருந்த நேரத்தில் கொல்லையில் புதைத்தேன். சும்மா கொடுத்தால் வாங்குகிற ஆள் இல்லை அவர். அதனால் மறுநாளும் மீன் வாங்கிக் கொடுத்தேன். பூனை உள்ளே படுத்திருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது என்று பொய் சொன்னேன். கிண்ணம் வந்தது. உப்பில்லாத அந்த மீனை நானே தின்றேன். இப்படியே நாட்கள் ஓடின.

பிறகு ஒருநாள் கிண்ணத்தை எடுத்து வாயில் வைத்தால் உப்பு, புளி, மிளகாய் எல்லாம் இருந்தது. சுண்டக் காய்ச்சிய மீன் குழம்பு. மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார்.

"எத்தினி நாளைக்குத்தான் சப்புனு தின்னுவீங்க டீச்சர்" என்றார்.

வேறெதுவும் கேட்கவில்லை. பட்டறை திறக்கும்வரை நான் மீன் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மீன் கொடுக்க எனக்கு ஒரு பூனை நோயாய்க் கிடக்க வேண்டியிருந்தது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குக் குழம்பு ஊற்றினார். அந்த வெட்கம்தான் அவர் நினைவாக என்னிடம் இருப்பது. அது என்னோடே இருக்கட்டும்.