பட்டுப்புடவைப் பையில் டயப்பர்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைக்கு முதலில் டயப்பர் கட்டியவன் நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் கடைசி வீட்டுக்காரர்கள் முந்திவிட்டார்கள். ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் கட்டினார்கள். நாள் தவறாமல் கட்டிய பெருமை என்னுடையது. அதற்குக் காரணம் வசதியல்ல, வெட்கம்.

ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். நான் பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். மனைவி மலையில் கொழுந்து பறிக்கிறாள். மகள் பிறந்து வீட்டில் இருந்த மாதங்களில் அவளே பிள்ளைத் துணிகளைத் துவைத்து, அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டாள். மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் வாரமே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, நான் வெள்ளனயே எந்திரிச்சுச் சமைக்கணும், புள்ளையக் கொண்டுபோய் புள்ளக் காம்பராவுல விடணும், அப்புறம் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடணும். நீங்க எட்டு மணி பஸ்ஸுக்குத்தான போறீங்க? அந்தத் துணிய மட்டும் பீலியில அலசிப் போட்டுட்டுப் போங்களேன்.”

நியாயமான பேச்சுதான். ஆனால் பீலி என்றாளே, அங்கேதான் எனக்கு உதைத்தது. மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து கொட்டும் இடம் அது. காலையில் அங்கே தண்ணீரைவிடப் பேச்சு அதிகமாகக் கொட்டும். கழுத்துப்பட்டி போட்டு டவுனுக்குப் போகிற ஆம்பிளை அங்கே குந்தியிருந்து பீத்துணி அலசினால் மானம் என்ன ஆவது? நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் டவுனிலிருந்து ஒரு பாக்கெட் டயப்பரோடு வந்து இறங்கினேன்.

அவள் பாக்கெட்டைத் திருப்பி விலையைப் பார்த்தாள். “நாள் முழுக்க மழையில நனைஞ்சு கொழுந்து பறிச்சாலும் இதுக்குப் பத்தாது. ஒங்க வெக்கத்துக்கு வெல ரொம்பக் கூடங்க.”

அவள் சொன்னது உறைத்தது. அதனால் சிக்கனத்தில் இறங்கினேன். பாக்கெட்டில் பன்னிரண்டு மணித்தியாலம் தாங்கும் என்று அச்சடித்திருந்தது. அச்சில் வந்ததை நம்புகிறவன் நான். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது என்று சட்டம் போட்டேன். பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடமும் சாயங்காலம்வரை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. தொடை சிவந்திருக்கிறது என்று மனைவி தேங்காய் எண்ணெய் தடவினாள். பல் முளைக்கிறது, அதனால்தான் அழுகிறாள் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பல்லுக்கும் தொடைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டதற்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பதில் சொன்னேன்.

இன்னொரு தலைவலி இருந்தது. கட்டுவது எளிது, கழிப்பதுதான் பாடு. லயத்துக்குக் குப்பை லொறி வராது. முதலில் எரித்துப் பார்த்தேன். எரிய மாட்டேன் என்று அது மூன்று நாள் புகைந்தது. பக்கத்து வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு என் வம்சத்தையே விசாரித்தார். பிறகு வீட்டுக்குப் பின்னால் போஞ்சிப் பாத்தியில் புதைத்தேன். நாய்கள் தோண்டி, விடிவதற்குள் பெரட்டுக் களத்துக்கே இழுத்துக்கொண்டு போய்க் கிழித்துவிட்டன. வேலை பிரித்துக் கொடுக்க வந்த கங்காணி, டயப்பருக்குள் இருக்கும் பசை தரையெல்லாம் ஜவ்வரிசி மாதிரி ஊறிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, “யார் வீட்டுப் பாயாசம்டா இது?” என்று கேட்டாராம். அதை மனைவிதான் வந்து சொன்னாள், சிரிக்காமல்.

ஓடையில் போடலாம் என்றால் கீழ் லயத்துக்குக் குடிதண்ணீர் அதிலிருந்துதான் போகிறது. அவ்வளவு பாவத்துக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. இந்தச் சாமான் மக்கவே மக்காது, நமக்குப் பிறகும் கிடக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். ஊரில் என் பெயரை நிலைநிறுத்த வேறு வழியே இல்லை போலிருந்தது.

கடைசியில் கண்டுபிடித்த உபாயம்தான் கடைப் பை. எங்கள் கடையில் பட்டுப்புடவைக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை பளபளவென்று, தங்க எழுத்தோடு இருக்கும். முந்திய நாள் டயப்பர் இரண்டையும் அதில் போட்டு முடிச்சிட்டு, பஸ்ஸில் பதுளைக்குக் கொண்டுபோய், கடைக்குப் போகும் வழியில் உள்ள பெரிய குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவேன். டவுன் குப்பையை அள்ள ஆள் இருக்கிறது. அந்த ஆள் யார் என்று நான் யோசித்ததே இல்லை.

நம் பஸ்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நிற்கிறவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஒருநாள் விபூதிப் பட்டையோடு இருந்த பெரியவர் ஒருவர் என் பையை வலுக்கட்டாயமாகப் பறித்து மடியில் வைத்துக்கொண்டார். வளைவுக்கு வளைவு அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“நல்ல கனமா இருக்கே தம்பி. ஜரிகை கூடுதலோ?”

“ஆமாங்க ஐயா” என்றேன். ஹாலிஎலையைத் தாண்டும்வரை வேர்த்துக்கொண்டே இருந்தது.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு காலை, கடையில் கல்யாணப் புடவைக்காரர்கள் கூடியிருந்த நேரம், வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். டவுன் குப்பை அள்ளுகிறவர் என்பது உடுப்பைப் பார்த்ததுமே தெரிந்தது. கையுறையை இடுப்பில் செருகியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டும் உள்ளே வரவில்லை. கையில் எங்கள் கடைப் பை, காலியாக, நாலாக மடித்து இருந்தது. நான் புடவை மடிக்கிறவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“என்ன வேணும்?” என்று முதலாளி கேட்டார்.

“வாங்க வரல மொதலாளி. தெனமும் தொட்டியில இந்தப் பை கெடக்கு. மொத நாளு பளபளப்பப் பாத்துட்டு ஆசையாத்தான் பிரிச்சேன், பொய் சொல்லல. உள்ளார புள்ளைக்குக் கட்டுற டயப்பரு. பிளாஸ்டிக்குப் பையத் தனியா ஒதுக்கணுமே, அதுனால தெனமும் பிரிக்கிறேன். தெனமும் பொடவ வாங்குறவன் குப்பையத் தூக்கிக்கிட்டு நடந்தா வருவான்? இங்க வேல செய்யிறவங்கதான்.”

அடுத்தது திட்டு என்று தலையைக் குனிந்துகொண்டேன். வேலை போய்விடும், அதற்கு முன் மானம் போய்விடும். அவர் குரல் உயரவே இல்லை.

“திட்ட வரலைங்க. ஒவ்வொண்ணும் கல்லாட்டம் கனக்குது. நாளெல்லாம் அவுக்குறதில்ல போல. ரெண்டு நாளா ஓரத்துல லேசா ரத்தம் பட்டிருக்கு. புள்ளைக்குத் தொட வெந்துபோயிருக்கும். பாவம், அது சொல்லுமா? பெத்தவங்ககிட்ட சொல்லிருங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

கடையில் நாங்கள் நான்கு பேர். ஒருவன் கல்யாணமாகாதவன். ஒரு பெண் இன்னும் படித்துக்கொண்டே வேலை பார்ப்பவள். மற்றவருக்குப் பேரப்பிள்ளையே பள்ளிக்கூடம் போகிறது. துப்பறிய ஒன்றுமில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“நான்தான்மா” என்றேன். “பன்னெண்டு மணித்தியாலம் தாங்கும்னு பாக்கெட்டுல போட்டிருந்துச்சு.”

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எழுதீக்கிறதையெல்லாம் நம்புறதா? நாங்களும் சாயம் போகாதுண்டு எழுதித்தானே விக்கிறம்!”

புடவை பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்கள் கையிலிருந்ததைச் சட்டென்று கீழே வைத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் தெரியாத ஒருவர் என் மகளின் வலியைக் கையால் எடை பார்த்துத் தெரிந்துகொண்டார். பிள்ளையை மடியில் வைத்திருந்த நான் பல் முளைக்கிறது என்றேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பிள்ளையைப் படுக்கவைத்து அவிழ்த்துப் பார்த்தேன். தோல் உரிந்திருந்தது. அழுதுவிட்டேன். நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் தன் பழைய நூல் புடவையை எடுத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்து என் மடியில் போட்டாள்.

மறுநாள் காலை வாளியோடு பீலிக்குப் போனேன். ஒரு கணம் பேச்சு நின்று தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அங்கிருந்த பெண்கள் ஆரம்பித்தார்கள்.

“அண்ணே, அப்புடியே என் பொடவையையும் அலசிக் குடுங்களேன்!”

“சோப்ப முகத்துக்குப் போடுற மாதிரியில்ல தடவுறாரு. கசக்குங்கண்ணே!”

இரண்டாம் நாளும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கங்காணி வீட்டில் புதிதாக வந்த மருமகளைப் பற்றி அவர்களுக்குப் பேச இருந்தது. இரண்டு நாள் பேச்சுக்குப் பயந்து இரண்டு மாதம் செலவழித்திருக்கிறேன். ஆனால் மழை விடாத வாரங்களில் துணி காயாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது மகள் மேல் அடுப்புப் புகை மணக்கும், கருவாடு மாதிரி.

தீபாவளிக்குத் துணி எடுக்க மூவருமாக டவுனுக்குப் போனோம். பஸ்ஸுக்கு மட்டும் ஒரு டயப்பர் கட்டலாமே என்றேன். மனைவி பார்த்த பார்வையில் பேச்சை மாற்றினேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது தொட்டியருகே அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

“பைய காணமேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி. புண்ணு ஆறிருச்சா?”

“ஆறிருச்சும்மா. இவதான்” என்றேன்.

அவர் கைகளைப் புடவையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டார். எட்டியே நின்று, “ராசாத்தி” என்றார். “கை சுத்தமில்ல, தூக்க மாட்டேன்.”

மனைவி இரண்டு எட்டு வைத்து, பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டாள். மகள் அவர் முகத்தை ஆராய்ந்தாள், மூக்கைப் பிடித்து இழுத்தாள், பிறகு தன் வேலையைக் காட்டிவிட்டாள். நூல் துணி எவ்வளவைத் தாங்கும்? புடவை முன்பக்கம் முழுக்க நனைந்து சொட்டியது. நான் பதறிப்போய் கைநீட்டினேன்.

அவர் பிள்ளையை விடவில்லை. இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு சிரித்தார். கண் மட்டும் நிறைந்திருந்தது.

“இருக்கட்டும் தம்பி. ரெண்டு மாசமும் ஆறிப்போயித்தான் கெடச்சுச்சு. இன்னைக்குத்தான் சூடா கெடச்சிருக்கு.”