ஊரில் கட்டிக்கொடுத்த மகள்

சங்கடமான பேச்சு எதுவாக இருந்தாலும் நான் ஒரு ஜோக் அடித்து அதைத் தாண்டிவிடுவேன். பிறவிக் குணம். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சரக்கு சரியில்லை என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரரைக்கூடச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவேன். “உங்க வாய்க்கு ஒரு ஜிப்பு தச்சுப் போடணும்” என்பாள் என் மனைவி. பட்டறையில் ஜிப்புக்கு என்ன பஞ்சம்? நான்தான் தைத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், பதினேழு வயது. மாட்டுங்காவில் பன்னிரண்டாவது படிக்கிறாள். மும்பையில் அதையே காலேஜ் என்றுதான் சொல்வார்கள். அவள் காலேஜில் சேர்ந்த முதல் வருடம் ஒருநாள், கிங்ஸ் சர்க்கிளில் அவளுக்குச் செருப்பு வாங்கிவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். செருப்புப் பெட்டி அவள் மடியில்.

“வாப்பா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.”

“சொல்லு பிள்ள.”

“காலேஜ்ல நான் செம்பூர்ல இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

செம்பூரில் இருப்பது என் அக்கா, அவளுக்கு மாமி. லிஃப்ட் வைத்த கட்டடம், வாசலில் வாட்ச்மேன். அந்த வீட்டைத்தான் என் பிள்ளை தன் வீடு என்று சொல்லியிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

“பொய்யினு ஆயிப்போச்சு, பொறவு செம்பூர் என்னத்துக்கு? கடலைப் பாத்து பத்தாவது மாடின்னு சொல்லியிருக்கலாம்லா?”

அவள் சிரிக்கவில்லை.

“நான் சீரியஸாச் சொல்லுதேன் வாப்பா. மொத நாளு ஒருத்தி எங்க வீடுன்னு கேட்டா. பக்கத்துல எல்லாரும் மாட்டுங்கா, தாதர், வாஷின்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எனக்குச் செம்பூர்னு வந்திருச்சு. இப்போ மாத்த முடியல. எல்லாரும் போற வரைக்கும் லைப்ரரில உக்காந்திருந்துட்டு அப்புறமாத்தான் வாரேன்.”

“சரி, போவுது. உனக்கு எது சௌகரியமோ அதச் சொல்லிக்கோ.”

“உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?”

“தோண என்ன இருக்கு?”

பெருந்தன்மையாகப் பேசிவிட்டோம் என்றுதான் அன்றைக்கு எனக்கு நினைப்பு. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் ஸ்டாப் வரும்வரைக்கும் திரும்பவே இல்லை. ஏன் வெட்கமாக இருந்தது என்று நான் கேட்டிருக்கலாம். இல்லை, நாலு ஏச்சு ஏசியாவது இருக்கலாம். ஏசியிருந்தால் அவளும் அழுது, நானும் கத்தி, ஏதோ ஒரு பேச்சு நடந்திருக்கும். நான் கதவை மெல்லச் சாத்திவிட்டு, சாத்தினதுக்குப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து பையன்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பட்டறையில் நானும் தையல் வேலை செய்கிற பழைய காரிகர் ஒருவரும் மட்டும். அவர் பீகார்காரர், என் மகளைச் சின்னதில் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவெல்லாம் சுற்றினவர். அப்போது வாசலில் ஒரு டீச்சரும் ஐந்து பிள்ளைகளும் வந்து நின்றார்கள். சுற்றுச்சூழல் ப்ராஜெக்ட்டாம். வெட்டின தோலில் மிச்சம் விழுகிற துண்டெல்லாம் எங்கே போகிறது என்று எழுத வேண்டுமாம். பத்து நிமிஷம் பேசலாமா என்று டீச்சர் இந்தியில் கேட்டார். ஐந்தாவது ஆளாக, பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது என் மகள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். எனக்கு விஷயம் பட்டென்று புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். தாராவியிலுள்ள அத்தனை பட்டறையையும் விட்டுவிட்டு இந்த டீச்சர் என் வாசலிலா வந்து நிற்க வேண்டும், பிள்ளை மாட்டிக்கொண்டாளே என்று பதறினேன். காரிகர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். அவர் இந்தியில் ‘பேட்டீ’, மகளே, என்று கூப்பிடுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“போய் ஏழு கட்டிங் சாய் சொல்லிட்டு, கையோட வாங்கிட்டு வாங்க.”

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன். போய்விட்டார். அடடா, என்ன மூளை எனக்கு என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அப்புறம் எல்லாம் நன்றாகத்தான் போனது. தோல் வெட்டுகிற மேஜையைக் காட்டினேன், பசை டப்பாவைக் காட்டினேன், துண்டுத் தோலில் சாவிக்கொத்து வார் செய்கிறவர்கள் வந்து வாங்கிப்போவதைச் சொன்னேன். பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் விடாமல் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவளுடைய தாளில் முதலாளியைப் பற்றி நாலு கேள்வி இருந்தது. எத்தனை வருடமாகத் தொழில், எதுவரை படிப்பு, என்ன ஊர். அப்புறம் கேட்டாள்.

“அங்கிள், உங்களுக்குப் பிள்ளைங்க?”

என் மகள் ஓர் எட்டு முன்னால் வந்தாள். அந்த எட்டை நான் பார்த்தேன். பயந்துபோய் வெளியே ஓடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

“ஒரே பொண்ணு” என்றேன். “ஊர்ல இருக்கா. கட்டிக் கொடுத்தாச்சு.”

“வயசு?”

“பதினேழு.”

வயதில் பொய் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் பேனா நின்றது. டீச்சர் சுவரில் மாட்டியிருந்த பைகளை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு, இந்தப் பட்டறைக்கு மாணவர்கள் வந்துபோனார்கள் என்று எழுதின ஐந்து தாளை நீட்டினார், ஆளுக்கொன்று. ஐந்திலும் பட்டறை முத்திரை குத்தி, தமிழில் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த கையெழுத்து அது ஒன்றுதான். அவர்கள் போன பிறகுதான் காரிகர் ஏழு அரை கிளாஸ் சாயோடு வந்து நின்றார். நான் இரண்டு குடித்தேன். ஒரு பெரிய ஆபத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றின திருப்தியில் அந்தச் சாய் அவ்வளவு ருசியாக இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்கு வந்தாள். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. ஒற்றை அறை வீட்டில் எங்களுக்கு அந்த வசதி கிடையாது.

“எப்படிப் பிள்ள உன் வாப்பா?” என்றேன், சிரித்துக்கொண்டே. “சமாளிச்சுட்டேன்லா?”

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“நீ மாட்டிக்கிடக் கூடாதுன்னுதான்.”

“அவங்களைக் கூட்டிட்டு வந்ததே நான்தான் வாப்பா.”

எனக்கு விளங்கவில்லை.

“டீச்சர் எந்தப் பட்டறைக்குப் போலாம்னு கேட்டாங்க. நான்தான் எனக்கு ஒண்ணு தெரியும்னு கூட்டிட்டு வந்தேன். இது என் வாப்பான்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு. மூணு நாளா காலேஜ் பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துக்கிட்டேன். உள்ள வந்ததும் தரையத்தான் பாக்க முடிஞ்சுது. அவ பிள்ளைங்களான்னு கேட்டாள்லா, அப்போ சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்க என்னைக் கட்டிக் கொடுத்துட்டீங்க.”

மேஜைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

“வெளிய போனதும் என்ன பேசுனாங்க தெரியுமா? பாவம், நம்ம வயசுதானே அந்தப் பொண்ணுக்குன்னு. அந்த அங்கிள் பாக்க எவ்வளவு நல்லவர் மாதிரி இருக்கார், சீன்னு. டீச்சரும் இதைக் கட்டாயம் எழுதணும்னு சொல்லிட்டாங்க. நானும் கூடவே நடந்து வந்தேன் வாப்பா. ஒண்ணும் சொல்லல.”

“நான் வந்து உங்க டீச்சர்ட்ட சொல்லுதேன் பிள்ள. நாளைக்கே வாரேன்.”

“வந்து? இவ பொய் சொன்னா, நானும் பொய் சொன்னேன்னு சொல்வீங்களா?” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “எனக்கு வேற ஒண்ணு தெரியணும். படிக்கப் போயிருக்கான்னு சொல்லியிருக்கலாம். மாமி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லியிருக்கலாம். அது ஏன் வாப்பா மொதல்ல வந்துச்சு?”

வாய்க்கு வந்தது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ஒரு மாதத்துக்கு முன்னால் செம்பூரில் என் அக்கா ஒரு பேச்சை எடுத்திருந்தாள். ஊர்ப்பக்கம் தெரிந்த குடும்பம், நல்ல பையன், படிப்பு முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாக்கலாம் என்றேன்.

“மாமி ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பாக்கலாம்னு சொன்னேன்.”

என் வாழ்க்கையில் அவளிடம் ஜோக் கலக்காமல் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்னும் யோசிக்கிறேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். “அதான்” என்றாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றிரவே அக்காவுக்குப் போன் போட்டு அந்தப் பேச்சை விடச் சொல்லிவிட்டேன். அதை மகளிடமும் சொன்னேன். “சரி வாப்பா” என்றாள், பஸ் வராது நடந்து போவோம் என்று சொன்னால் சொல்கிற மாதிரி.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டறை மேஜையை ஒழித்துக்கொண்டு ப்ராஜெக்ட் எழுதுகிற நோட்டை, ஜர்னலை, முடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கொடுக்க வேண்டும். மொத்தமும் இங்கிலீஷ். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னைப் பத்தி என்ன எழுதியிருக்க?”

விரலை வைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். “முதலாளிக்கு ஒரே மகள். வயசு பதினேழு. கல்யாணம் பண்ணிக் கொடுத்து ஊர்ல இருக்கா. நல்லாப் படிச்சுக்கிட்டு இருந்த பொண்ணு.”

“நல்லாப் படிச்சான்னு நான் சொல்லலையே.”

“அது நான் சேத்தேன்.”

அந்த வரியின்மேல் என் கை தானாகப் போய் நின்றது. மையில் எழுதினது. அடித்துவிட்டு எழுத முடியாதா என்று கேட்டேன். குரூப் ப்ராஜெக்ட் வாப்பா, அஞ்சு ஜர்னல்லயும் இருக்கு, நான் மட்டும் எப்படி அடிப்பேன் என்றாள். பிறகு ஜர்னலின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பெற்றவர் கையெழுத்துப் போடுகிற இடம். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அன்றைக்கு நான் கொடுத்த தாளை ஒட்டியிருந்தாள்; பட்டறை முத்திரை, அதற்குக் கீழே என் தமிழ்க் கையெழுத்து. அங்கே போட்டதையே இங்கேயும் போட்டால் டீச்சருக்குத் தெரிந்துவிடும்.

“வேற மாதிரி போடட்டுமா?” என்றேன்.

“எனக்குத் தெரியல வாப்பா.” அப்போதுதான் அழுதாள். அந்த வெள்ளிக்கிழமைகூட அழாதவள்.

பை அளவு வெட்டுகிற அட்டையை எடுத்து வேறு கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். இங்கிலீஷில் ஒன்று, கோணலாகக் கிறுக்கி ஒன்று, முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வைத்து ஒன்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றையும் பார்த்தாள்.

“இது யாரோ” என்றாள்.

“ஆமா. யாரோதான்.”

அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஜர்னலை என் பக்கம் தள்ளினாள். “உங்க கையெழுத்தையே போடுங்க வாப்பா. கேட்டாங்கன்னா சொல்லிருதேன்.”

போட்டேன். அந்தக் கையெழுத்தின்மேல் அவள் கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டிருந்தாள், மை காயட்டும் என்று.

மறுநாள் பட்டறையில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரே பைக்கு இரண்டு தடவை வார் தைத்தேன். டீச்சர் கூப்பிட்டு விசாரிப்பார், அவள் எழுந்து நின்று சொல்லுவாள், அந்தக் கண்ணாடிப் பெண் வாயைப் பிளப்பாள் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடுவார்கள் என்று சட்டையைக்கூட மாற்றி வைத்திருந்தேன்.

வழக்கமான நேரத்துக்கு வந்தாள். ஜர்னல் கையில் இருந்தது.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. அறுபது ஜர்னல் வாப்பா. மேலாப்புல திருப்பிட்டு டிக் போட்டு, சீல் குத்திக் கொடுத்துட்டாங்க. முதல் பக்கத்தைத் திறக்கவே இல்ல.”

“நீயே எந்திரிச்சு...”

“நின்னேன். அடுத்த ஆளுன்னு சொல்லிட்டாங்க.”

ஜர்னலை மேஜைமேல் வைத்தாள். அதற்குள் ஒரு பக்கத்தில் நான் அவள் வாப்பா, இன்னொரு பக்கத்தில் வேறு ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தவன். இரண்டு பேருக்கும் ஒரே கையெழுத்து. மிஷின் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காரிகர் எங்களைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார்.

“ஏதாச்சும் சொல்லுங்க வாப்பா” என்றாள்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.