கல்லூரிக்கு முன் ஒரு இரும்பு மாத்திரை

சார், நீங்கள் எங்களுக்குப் பொய் மதிப்பெண் போட்டீர்கள்.

ப்ளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் எங்கள் வகுப்பில் அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண். அந்த வகுப்பில் ஒருவர்கூட ப்யூரெட்டைத் தொட்டதில்லை. ப்யூரெட் என்பது நீளமான கண்ணாடிக் குழல். மேலிருந்து கீழ்வரை கோடு போட்டிருக்கும், அடியில் ஒரு திருகு இருக்கும். திருகைத் திறந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாகக் கீழே இருக்கும் குடுவையில் விட வேண்டும். நிறம் மாறியதும் நிறுத்தி, எவ்வளவு இறங்கியது என்று பார்த்து எழுத வேண்டும். இது எனக்குப் புத்தகத்தில் இருந்த படத்தால் தெரியும். ஆய்வகக் கதவின் பூட்டுதான் நான் நேரில் பார்த்தது.

தேர்வு நாளன்று மட்டும் கதவு திறந்தது. வேறு பள்ளியிலிருந்து தேர்வாளர் வந்தார். பாலக்கோட்டிலிருந்து அவருக்குப் பிரியாணி வந்தது. மேசைமேல் ஒரே ஒரு ப்யூரெட்டை நிறுத்தி வைத்தீர்கள். "கிட்டப் போவாதீங்க, ஒடஞ்சா யாரு பதில் சொல்றது" என்றீர்கள். பிறகு, பத்தொன்பது புள்ளி ஆறு மில்லி இறங்கியது என்று எழுதச் சொன்னீர்கள். நீங்கள் சொல்லியிருக்கவே வேண்டாம். எங்களுக்கு அது பதினொன்றாம் வகுப்பிலேயே தெரியும். எங்களுக்கு முன்னால் படித்தவர்களும் அதைத்தான் எழுதினார்கள், அவர்களுக்கு முன்னால் படித்தவர்களும் அதைத்தான். எங்கள் பள்ளியில் அந்த எண் சாமி பேர் மாதிரி எல்லாருக்கும் மனப்பாடம்.

அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. முழு மதிப்பெண் வந்தால் யாருக்குக் கோபம் வரும்? தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியலுக்கு இடம் கிடைத்த பிறகுதான் பயம் வந்தது. கூடப் படித்த பெண்கள் எல்லாம் சுடிதார் எடுப்பதைப் பற்றியும், காலையில் எந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. முதல் நாள் ஆய்வகத்தில் கையில் என்ன கொடுப்பார்கள், அதை எப்படிப் பிடிப்பது?

அதற்குக் காரணம் பக்கத்துத் தெரு அக்கா. எனக்கு முன்னால் அதே பள்ளியில் படித்து, அதே முழு மதிப்பெண் வாங்கி, அதே படிப்புக்குப் போனவர். ஒரு மாதம் முடிவதற்குள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் ஆனது. எனக்கு இடம் கிடைத்த அன்று சந்தையில் தக்காளி விற்ற கையோடு வந்த அப்பா, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார்: "போ கண்ணு, நான் தடுக்கல. ஆனா அந்தப் பொண்ணாட்டம் பாதியில வந்து நின்னீன்னா, மறுபடி காலேஜுன்னு வாய தொறக்கக் கூடாது. வர்ற எடத்துல கட்டிக் குடுத்துருவேன்." அவர் மிரட்டவில்லை. மழை வந்தால் காய் அழுகும் என்று சொல்வாரே, அதே குரல்.

அக்கா குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்த சமயம் பார்த்துப் போனேன். குழந்தைக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மொத நாள் லேபுல என்னா நடந்துச்சு?"

"எதுக்கு இப்ப அது?"

"நான் போகப்போறேன். எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்னா பண்ணுவ? நீயும் போவ, அங்க சிரிப்பாங்க, நீயும் திரும்பி வருவ. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து தக்காளி பொறுக்கலாம் வா."

நான் எழுந்திருக்கவில்லை. குழந்தை பாதிக் கூழைத் துப்பியது. அதைத் துடைத்தபடியே சொன்னார். கையில் பிப்பெட் கொடுத்தார்களாம். திரவத்தை அளந்து உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய் அது. உறிஞ்சுவதற்கு ஒரு ரப்பர் பந்தும் பக்கத்திலேயே இருந்ததாம். அது எதற்கு என்று இவருக்குத் தெரியவில்லை. குளிர்பானத்தை உறிஞ்சுவது போல வாயை வைத்திருக்கிறார். ஆசிரியர் பதறிப்போய்க் கத்தியிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது.

"அவ்வளவுதானாக்கா? இதுக்கா வந்துட்ட?"

"அதுக்கில்லடி. ப்ளஸ் டூவுல லேபுக்கே போவலியான்னு கேட்டாங்க. என்னான்னு சொல்லுவேன்? போனேன்னு சொன்னா ஏன் தெரியலன்னு கேப்பாங்க. போவலன்னு சொன்னா முழு மார்க்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. வாய மூடிக்கிட்டு நின்னேன். தெனமும் அப்படியே எத்தன நாளைக்கு நிக்கறது?"

சார், இந்த இடத்தில்தான் எனக்கு முதல் கோபம் வந்தது. நீங்கள் போட்ட மதிப்பெண் அந்தப் பெண்ணின் வாயை அடைத்துவிட்டது. குறைந்த மதிப்பெண் வாங்கியிருந்தால் "தெரியாது மேடம்" என்று சொல்லிவிட்டுக் கற்றுக்கொண்டிருப்பார்.

கிளம்பும்போது கேட்டேன்: "அந்த சொட்டு விடற தண்ணி என்னா கலர்லக்கா இருக்கும்?"

"கத்திரிப்பூ கலரு. குடுவையில விழுந்ததும் காணாமப் போயிரும்னாங்க. நான் அது வரைக்கும் எங்க போனேன்?"

விழுந்ததும் காணாமல் போகும் நிறம். அன்று முழுக்க இதே நினைப்பு.

என்னோடு ப்ளஸ் டூ படித்த தோழியும் கல்லூரியில் அதே வகுப்பில் சேர்ந்திருந்தாள். பாலக்கோட்டில் அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பாத்திரக் கடை. அவளிடம் போய், நாமே செய்து பார்க்கலாம் என்றேன்.

"எதுல செய்வ? இட்லிக் குண்டான்லயா?"

"உங்க கடையில கண்ணாடி டம்ளர் இல்லையா?"

"ஒடச்சீன்னா எங்க அத்தா உன்னையும் சேத்து எடைக்குப் போட்டுருவாரு."

கத்திரிப்பூ நிறத் திரவம் பொட்டாசியம் பெர்மாங்கனேட். கிணற்றுக்குப் போடுவார்கள், புண் கழுவுவார்கள். மருந்துக் கடையில் கேட்டோம், ஊசி இல்லாத சிரிஞ்சும் கேட்டோம். கடைக்காரர் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "கிணத்துக்கா, மீன் தொட்டிக்கா?" தோழி சற்றும் யோசிக்காமல் "காலேஜுக்குங்க" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கொடுத்தார். குடுவையில் இருக்க வேண்டியது இரும்பு உப்பு. அது எங்களிடமே இருந்தது. ரத்தசோகைக்கு என்று வாரந்தோறும் பள்ளியில் கொடுத்த நீல நிற இரும்பு மாத்திரை. வயிற்றைப் புரட்டும் என்று முழுங்காமல் பைக்குள் போட்டவை, வேண்டிய அளவு இருந்தன. அமிலத்துக்கு எலுமிச்சம் பழம்.

அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்தோம். மாத்திரையின் நீலத்தைக் கழுவிவிட்டு, இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து நுணுக்கினோம். தண்ணீரில் கரைத்து வடிகட்டி, எலுமிச்சையைப் பிழிந்தோம். சிரிஞ்சில் கத்திரிப்பூ நிறத்தை ஏற்றி ஒரு சொட்டு விட்டேன். விழுந்தது. காணாமல் போனது. இன்னொரு சொட்டு. அதுவும் போனது. இரண்டு பேரும் டம்ளர்மேல் குனிந்தோம். எங்கே போகிறது அந்த நிறம்? புத்தகத்தில் இதற்குச் சமன்பாடு இருக்கிறது, எனக்கு மனப்பாடம்கூட. ஆனால் மனப்பாடம் செய்தபோது இப்படி ஒன்று கண் முன்னால் நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு நாங்கள் ஒரு முட்டாள்தனம் செய்தோம். சிரிஞ்சைத் திரும்பத் திரும்ப நிரப்பி, எத்தனை மில்லி போனது என்று கூட்டிப் பார்த்தோம். பத்தொன்பது புள்ளி ஆறுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தப்பாகச் செய்துவிட்டோம் என்று மொத்தத்தையும் கொட்டினோம். மறுபடி மாத்திரை நுணுக்கினோம். வேறொரு எண் வந்தது. அதையும் கொட்டினோம். மாத்திரையைக் கூட்டினோம், குறைத்தோம், கத்திரிப்பூ நிறத்தில் தண்ணீர் சேர்த்தோம். எங்கள் டம்ளர் வேறு, மாத்திரை வேறு, ஊற்றியது ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர். விடை மட்டும் உங்கள் விடையாக இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினோம். உங்கள் பள்ளியில் படித்தவர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு கிறுக்கு வேலையைச் செய்திருக்க மாட்டார்கள்.

தோழிக்குத்தான் முதலில் சலித்தது. மாத்திரை போடாமல் வெறும் எலுமிச்சைச் சாற்றில் ஒரு சொட்டு விட்டாள். விளையாட்டுக்குத்தான். அதிலும் நிறம் மங்கி மறைந்துபோனது.

"ஏண்டி, இதுல இரும்பே இல்லையே. அப்ப இத்தன நாளா நிறத்தத் தின்னது யாரு, மாத்திரையா, எலுமிச்சயா?"

அதுதான் நாங்கள் கேட்ட முதல் உண்மையான கேள்வி. பன்னிரண்டு வருடப் படிப்பில் முதல் கேள்வி என்றுகூடச் சொல்வேன். எலுமிச்சையை விட்டுவிட்டு அவள் வீட்டுச் சமையலறையிலிருந்து வினிகர் எடுத்து வந்தோம். வெறும் வினிகரில் நிறம் அப்படியே நின்றது. வினிகரோடு மாத்திரைத் தண்ணீரைச் சேர்த்தால் போனது. சில சமயம் பழுப்பாகிக் கலங்கியது, அது ஏன் என்று தெரியவில்லை. ஆனால் இரும்புதான் தின்கிறது என்பதை நாங்களே கண்டுபிடித்துவிட்டோம். தோழி மாடியிலிருந்து கீழே பார்த்து, "அம்மா, வினிகர் நல்லவன், எலுமிச்சதான் கள்ளன்" என்றாள். "எலுமிச்ச வாங்குன காச யாரு குடுப்பா" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

அப்போதுதான் அந்த எண்ணைப் பற்றி யோசித்தேன். கரைசல் மாறினால் விடை மாறுகிறது. அப்படியென்றால் பத்தொன்பது புள்ளி ஆறு யாருடைய கரைசலுக்கு வந்தது? எந்த வருடம்? யார் கை விட்ட சொட்டு?

மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று உங்களிடமே கேட்டேன். மறந்திருக்க மாட்டீர்கள். புதிதாக மாற்றலாகி வந்த கணக்கு டீச்சரும் அறையில் இருந்தார்.

"சார், காலேஜு தெறக்கறதுக்குள்ள ஒரு நாள் லேப தெறந்து விடுங்க சார். நாங்க ரெண்டு பேரும் செஞ்சு பாத்துட்டுப் போயிடறோம்."

"லேபா? எல்லாம் அட்டப் பெட்டிக்குள்ள கெடக்குதும்மா. ஆடிட்டு வந்தா இருப்பு சரியா இருக்கணும். ஒண்ணு ஒடஞ்சாலும் என் சம்பளத்துல புடிப்பாங்க."

"அந்த ரீடிங் எங்கிருந்து வந்துச்சு சார்?"

"எந்த ரீடிங்?"

"பத்தொன்பது புள்ளி ஆறு."

நீங்கள் சிரித்தீர்கள். "நான் இந்த ஸ்கூலுக்கு வரும்போதே அதாம்மா இருந்துச்சு."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு உங்கள்மேல் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான். உங்களுக்கும் தெரியாது. நீங்களும் கேட்டுப் பார்க்கவில்லை. வேதியியல் படித்த ஒரு மனிதருக்கு இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கத் தோன்றாமல் எப்படி இருந்தது?

கோபம் அதற்கடுத்த பேச்சில் வந்தது. அக்கா படிப்பை விட்டதற்கு இந்த ஆய்வகம்தான் காரணம் என்று நான் சொன்னதும் நீங்கள் சொன்னீர்கள்: "அதுக்குப் படிப்பு ஏறல. நம்ம என்னா பண்றது." கணக்கு டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் குனியவில்லை.

கல்லூரி திறந்தது. முதல் ஆய்வக வகுப்பில், எத்தனை பேர் டைட்ரேஷன், அதாவது இந்தச் சொட்டு விட்டு அளக்கும் சோதனை, செய்திருக்கிறீர்கள் என்று மேடம் கேட்டார். எல்லாக் கையும் மேலே போனது. தோழியின் கையும் பாதி போனது, நான் பிடித்து இழுத்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் செய்யலையா?"

"இல்லைங்க மேடம். எங்க ஸ்கூல்ல லேப் தெறக்கல. மார்க் மட்டும் போட்டுட்டாங்க."

பின்னால் ஒருவன் சிரித்தான். மேடம் ப்யூரெட்டை எப்படிக் கழுவுவது என்பதிலிருந்து தொடங்கினார். கை தூக்கியவர்களில் பாதிப் பேர் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சிரித்தவன் திருகை மூடாமலேயே மேலே ஊற்றித் தன் ஷூவை நனைத்துக்கொண்டான்.

என் முறை வந்தது. ரப்பர் பந்து, பிப்பெட், குடுவை. திருகைத் திறந்தேன். நிறம் விழுந்து காணாமல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சொட்டு மட்டும் போகவில்லை. வெளிறிய ரோஜா நிறத்தில் குடுவை முழுக்கப் பரவி நின்றது. எனக்கு ஒரு எண் வந்தது, தோழிக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஏன் இரண்டும் ஒன்றாக இல்லை என்று சத்தமாகவே கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அன்று முதல் இன்றுவரை நான் ஒரு வகுப்பையும் விடவில்லை. அப்பா இப்போது கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை.

போன வாரம் அம்மா வீட்டுக்கு வந்திருந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். அந்த ரோஜா நிறம் எப்படி இருந்தது என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சொன்னார்: "நாந்தான் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்திருக்கணும். எம்மேலதான் தப்பு."

இதற்காகத்தான் சார் இதை எழுதுகிறேன். அவர் இன்னமும் தன்மேல்தான் தப்பு என்று நினைக்கிறார். அவர் அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார், ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. தனியாக என்னைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம், எனக்கு அது தேவையில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு வாருங்கள். நானும் வருகிறேன், அக்காவையும் அழைத்து வருகிறேன். ப்ளஸ் டூவில் பிள்ளைகளை வைத்திருக்கும் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். மைக்கைப் பிடித்து, அவர்கள் முன்னால் பதில் சொல்லுங்கள்: அந்தப் பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லையா, அல்லது நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லையா?